ஜெல்லிஃபின்: ஆண்டு போடாட்டி அம்மம்மாவுக்கு நாகேஷ் இல்லை

"உது ஆர் பெடியன்? நாகேஷ் எங்க?" எண்டு அம்மம்மா கேட்டவ. ரீவியில எதிர்நீச்சல் எண்டு பேர் கிடக்கு, பேருக்குப் பக்கத்தில சிவகார்த்திகேயன் நிக்கிறார். அமத்தி ஓட விட்டா உள்ள ஓடுறது என்னவோ 1968 இல பாலச்சந்தர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான், நாகேஷ் மாடிப்படி மாதுவா அங்க இருக்கத்தான் செய்யிறார், ஆனா வெளியில ஒட்டின போஸ்டர், கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாம் 2013 இல வந்த மற்ற எதிர்நீச்சலின்ர. அவவுக்கு இதெல்லாம் விளங்கப்படுத்த நான் வாய் திறக்க முதல் "படத்தை மாத்திப் போட்டிட்டாய் மோனை" எண்டு சொல்லிப்போட்டு வெத்திலைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போட்டா.

அண்டைக்குத்தான் ஜெல்லிஃபினைப் பற்றி ஒருக்கா வடிவா எழுதோணும் எண்டு யோசிச்சனான். ஏனெண்டா பிழை அதில இல்லை, நான் ஃபோல்டருக்கு வைச்ச பேரில. வெறுமனே எதிர்நீச்சல் எண்டு எழுதி விட்டா அது பாவம் என்ன செய்யும், ரெண்டில ஒண்டை எடுத்து ஒட்டும், எடுத்தது புதுசு.

தெரியாதவைக்குச் சொல்லுறன். கொம்பியூட்டரில கிடக்கிற படங்களை வாசிச்சு, எது என்ன படம் எண்டு கண்டுபிடிச்சு, போஸ்டர், ஆண்டு, நடிகர், கதை எல்லாத்தையும் நெட்டில இருந்து இறக்கி ஒட்டி, வீட்டு ரீவி, போன் எல்லாத்திலயும் கடை விரிச்ச மாதிரிக் காட்டுற சேர்வர்தான் ஜெல்லிஃபின். காசு இல்லை, விளம்பரம் இல்லை, நெட்டில கணக்குத் திறக்கச் சொல்லிக் கேக்கிறதும் இல்லை. எம்பி எண்டு ஒரு சொஃப்ட்வெயர் இருந்தது, இப்பவும் இருக்கு, அது தன்ர நிரலை மூடி வைச்ச உடன 2018 மார்கழியில கொஞ்சப் பேர் கடைசியாத் திறந்து கிடந்த பதிப்பைத் தூக்கிக்கொண்டு தனிய வந்து தொடங்கினது இது. பிளெக்ஸும் இதே வேலைதான் செய்யும், பார்வைக்கு அதுதான் வடிவு எண்டுகூட ஒத்துக்கொள்ளுவன், ஆனா 2025 சித்திரை 29 இல இருந்து வீட்டுக்கு வெளிய நிண்டு பாக்கிறதெண்டா காசு கட்டோணும், வாழ்நாள் பாஸும் அண்டைக்கு 119.99 டொலரில இருந்து 249.99 க்கு ஏறினது, அப்ப எங்கட காசில எழுபதாயிரத்துக்கு மேல. கோடி எண்டு இன்னொண்டு இருக்கு (2014 வரைக்கும் எக்ஸ்பிஎம்சி எண்டு பேர்), அது ஒரே ஒரு ரீவிக்கு எண்டா திறம், நாலு அறையில நாலு பேர் நாலு படம் பாக்கிற வீட்டுக்குச் சரிவராது.

எங்கட வீட்டுச் சரக்கைச் சொல்லோணும். அப்பாவின்ர றங்குப்பெட்டி ஒண்டு நிறைய விசிடி, 2002 இல ஏ9 பாதை திறந்தாப்போல பெட்டி பெட்டியா வாங்கினது. பிறகு டிவிடி. பிறகு ரொறன்ரோவில இருக்கிற மச்சான் வரேக்க கொண்டு வந்து விட்டிட்டுப் போன ஒரு ஹாட் டிஸ்க், அதுக்குள்ள அவர் தன்ர டிவிடியளைக் கொப்பி பண்ணி வைச்சது. எல்லாம் சேத்து அறுநூறு படத்துக்கு மேல. இதில முக்கால்வாசிக்கு ஃபைல் பேர் எண்டு உருப்படியா ஒண்டும் இல்லை. விசிடியைத் திறந்தா உள்ள எம்பெக்ஏவி எண்ட ஃபோல்டர், அதுக்குள்ள ஏவிசெக்01 எண்ட பேரில ஒரு டாட் ஃபைல், உலகத்தில இருக்கிற எல்லா விசிடிக்கும் இதே பேர்தான். நான் ஒரு லீவில மினக்கெட்டு எல்லாத்தையும் கொப்பி பண்ணேக்க "பழைய படம் 1", "பழைய படம் 2", "அப்பா படம்", "அப்பா படம் புதுசு" எண்டு பேர் வைச்சிருக்கிறன். என்ன விசரில வைச்சனோ தெரியாது.

ஓடுறது ஒரு பழைய லாப்டொப்பில. ஐ5, 4ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம். போதும். எச்264 (வீடியோவைச் சுருக்கி வைக்கிற பழைய முறை) படமெண்டா ஒரு சோலியும் இல்லை. எச்265 (அதுக்குப் பிறகு வந்த முறை) படத்தை இந்த சிப் தன்ர ஹார்ட்வெயரில அவிழ்க்காது, அதுக்கு இன்டெலில 6ஆம் தலைமுறை வேணும், 10 பிட் (நிறத்தைக் கூடின நுணுக்கமா வைக்கிற வகை) எண்டா 7ஆம் தலைமுறை, அதால ரீவியே நேரா வாங்கி ஓட்டக்கூடியதா இருந்தாத்தான் நல்லது, இல்லாட்டி லாப்டொப் தண்ணி இறைக்கிற மிசின் மாதிரிச் சத்தம் போடும். லாப்டொப்பில வைச்சதுக்கு இன்னொரு காரணம் பற்றரி. 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறக்கேலுமே, ஹாட் டிஸ்கும் யூஎஸ்பியால கரண்ட் எடுக்கிற சின்ன டிஸ்க்தான், அதால ஸ்கான் பண்ணிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போனாலும் அரைகுறையில நிக்காது.

இனி விசயத்துக்கு வாறன். ஜெல்லிஃபின் படத்தைப் பாத்து அடையாளம் காணுறேல்லை, கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம். அது ஃபோல்டரின்ர பேரை வாசிக்குது, 1080பி, எக்ஸ்264 மாதிரி ஒட்டுத் துண்டுகளை வெட்டி எறியுது, மிச்சத்தைக் கொண்டுபோய் டிஎம்டிபியில தேடுது. டிஎம்டிபி எண்டா சனம் தாங்களே எழுதிச் சேர்க்கிற பெரிய படப் பட்டியல், 2008 இல தொடங்கினது. ஆக நீங்கள் குடுக்கிற பேரும் ஆண்டும்தான் எல்லாம். ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர், படத்தின்ர பேர், ஒரு இடைவெளி, அடைப்புக்குறிக்குள்ள ஆண்டு, உள்ள கிடக்கிற ஃபைலுக்கும் அதே பேர். இவ்வளவுதான். இதைச் செய்தா பத்தில ஒம்பது தானா ஒட்டும்.

ஆண்டு ஏன் உவ்வளவு முக்கியம் எண்டா, எங்கட தமிழ்ச் சினிமாக்காரர் பழைய பேரைத் திரும்ப எடுக்கிறதில வலு கெட்டிக்காரர். பொல்லாதவன் 1980, 2007. படிக்காதவன் 1985, 2009. மாப்பிள்ளை 1989, 2011. தங்கமகன் 1983, 2015. இந்த நாலிலயும் முதலாவது ரஜினி, ரெண்டாவது தனுஷ், மாமனாரின்ர அலுமாரியில இருந்து அப்பத்தை மருமகன் எடுத்த மாதிரி. சிவகார்த்திகேயன்ர பக்கம் போனா எதிர்நீச்சலோட காக்கிச்சட்டை (கமல் 1985, இவர் 2015), வேலைக்காரன் (ரஜினி 1987, இவர் 2017), மாவீரன் (1986, 2023), அமரன் (கார்த்திக் 1992, இவர் 2024) எண்டு வரிசையா வரும். பில்லா ரெண்டு, தில்லுமுல்லு ரெண்டு, நான் மகான் அல்ல ரெண்டு, விக்ரம் ரெண்டு, நெற்றிக்கண் ரெண்டு. நாயகன் எண்டா எல்லாருக்கும் 1987 தான் ஞாபகம் வரும், ஆனா 2008 இலயும் ஒரு நாயகன் வந்தது, ஆண்டில்லாமத் தேடினா எது கையில வரும் எண்டு சொல்லேலாது. இங்கிலிஷ் படம் மட்டும் வைச்சிருக்கிற ஆக்கள் "எனக்கு எல்லாம் தானா வந்திட்டுது" எண்டு எழுதுறதை நம்பித் தமிழ் டிஸ்கைச் செருகினா இதுதான் நடக்கும்.

பேர் சின்னனா இருக்கிறது அடுத்த கரைச்சல். ஐ எண்டு ஒரு படம், 3 எண்டு ஒரு படம், 24 எண்டு ஒரு படம், 96 எண்டு ஒரு படம், கோ, ஈ. ஒத்தை எழுத்தைக் குடுத்துத் தேடச் சொன்னா ஆர்தான் என்ன செய்யிறது. 2.0 ஐ எடுங்கோ, ஃபைல் பேரில இடைவெளிக்குப் பதிலா புள்ளி போடுற பழக்கம் இருந்தா அந்தப் படத்தின்ர பேரில எது புள்ளி எது இடைவெளி எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனக்குப் பிடிச்ச உதாரணம் "ஆகஸ்ட் 16 1947". அது 2023 இல வந்த படம், பேரிலேயே ஒரு ஆண்டு நிக்குது, பின்னால (2023) எண்டு போடாம விட்டா 1947 ஐத்தான் வெளிவந்த ஆண்டெண்டு எடுத்துக்கொண்டு தேடிப்போகும்.

இந்த மாதிரிப் படங்களுக்கு மருந்து நம்பர். டிஎம்டிபியில ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் இருக்கு, அந்தப் பக்கத்தின்ர விலாசத்திலேயே தெரியும். ஃபோல்டர் பேருக்குப் பின்னால சதுர அடைப்புக்குறிக்குள்ள டிஎம்டிபிஐடி எண்டு இங்கிலிஷ் சின்ன எழுத்தில சேத்து எழுதி, ஒரு கோடு, பிறகு அந்த எண். முடிஞ்சுது, அதுக்குப் பிறகு பேர் என்னவா இருந்தாலும் அது கவலைப்படாது. பிளெக்ஸில இதுக்கு சுருள் அடைப்புக்குறி, எழுதுற முறையும் கொஞ்சம் வேற, மாறிக் குழம்பாதேங்கோ. நான் இப்ப பேர் ரெட்டையா இருக்கிற படம், ஒத்தை எழுத்துப் படம், இலக்கப் படம் எல்லாத்துக்கும் யோசிக்காம நம்பர்தான். ஏற்கனவே பிழையா ஒட்டினதுக்கு, படத்தில மூண்டு புள்ளியை அமத்தினா ஐடென்டிஃபை எண்டு வரும், அதில எண்ணைக் குடுத்துத் தேடிச் சரியானதைத் தெரிவு செய்யலாம். தெரிவு செய்யேக்க பழைய போஸ்டரை மாத்தவோ எண்டு ஒரு சின்னப் பெட்டி கேக்கும், அதில சரி போடுங்கோ. போடாட்டி பேர் மாறும், கதை மாறும், போஸ்டரில மட்டும் பழைய ஆள் நிப்பார்.

எழுத்துக்கூட்டல் கதையைத் தொடங்கினா இரவிரவாச் சொல்லலாம். முதல் மரியாதையை இங்கிலிஷில எழுதச் சொல்லி எங்கட வீட்டில அஞ்சு பேரைக் கேட்டா அஞ்சு விதம் வரும், ஒராள் டி போடுவார், ஒராள் டிஎச் போடுவார், ஒராள் ரெண்டு ஏ போடுவார். அதுக்குத் தமிழிலேயே ஃபோல்டர் பேரை வைச்சிட்டாப் போச்சு எண்டு நான் நினைச்சன், அது நல்ல யோசனைதான், டிஎம்டிபியில தமிழ்ப் பேர் பதிஞ்சு கிடக்கிற படங்களைத் தமிழிலேயே தேடிப் பிடிக்கும். ஆனா அதிலயும் ஒரு பொறி. மௌன ராகத்தைக் கனபேர் "மெ" போட்டு அதுக்குப் பக்கத்தில "ள" போட்டு அடிப்பினம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, கொம்பியூட்டருக்கு ரெண்டும் வேற வேற சொல். நான் ஒரு பின்னேரம் முழுக்க ஏன் வருதில்லை ஏன் வருதில்லை எண்டு முழிச்சுக்கொண்டு இருந்திட்டு, கடைசியில ஒவ்வொரு எழுத்தா அழிச்சுப் பாக்கேக்கதான் "ள" தனியக் கழண்டு விழுந்தது. "கொ", "கோ" விலயும் இந்த வில்லங்கம் இருக்கு, கொம்பையும் அரவையும் தனித்தனியா அடிக்கலாம், ஒரே குறியா அடிக்கலாம். படிச்ச ஆக்கள் இதுக்கு யூனிகோட் (கொம்பியூட்டரில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்கிற முறை) சீர்மை எண்டெல்லாம் சொல்லுவினம். எனக்கு அண்டைக்கு வந்த வாய்க்கு அது தெரியாது.

விசிடிக் காரருக்கு ஒரு தனிச் செய்தி. ஒரு விசிடியில 74, கூடிப்போனா 80 நிமிசம்தான் கொள்ளும், எங்கட படமோ ரெண்டரை மணித்தியாலம், அதால ரெண்டு தட்டு, சிலது மூண்டு. இதை ஜெல்லிஃபின் வடிவாச் சமாளிக்கும், ஒரே ஃபோல்டருக்குள்ள ரெண்டு ஃபைலையும் போட்டு ஒரே பேர் வைச்சு முடிவில சிடி1, சிடி2 எண்டு இங்கிலிஷில போட்டா ஒரே படமாச் சேத்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டை ஓட்டும். இந்த வசதியைக் கண்டு நான் துள்ளிக் குதிச்சு, பொன்னியின் செல்வன் ரெண்டையும் ஒரே ஃபோல்டருக்குள்ள பார்ட்1, பார்ட்2 எண்டு போட்டு வைச்சனே, அது அந்தச் சொல்லையும் தட்டு நம்பர் எண்டுதான் எடுக்கும் எண்டு தெரியாம! 2022 இல வந்ததும் 2023 இல வந்ததும் ஒட்டுப்பட்டு அஞ்சரை மணித்தியாலப் படம் ஒண்டு. அம்மா ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் புதன்கிழமைதான் முடிச்சவ, அவவுக்கு அதில ஒரு குறையும் தெரியேல்லை. பாகம் பாகமா வாற படங்களுக்கு ரெண்டு ஃபோல்டர், ரெண்டு ஆண்டு. விடுதலைக்கும் அப்பிடித்தான்.

இன்னொண்டு, கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ, செத்த வீட்டு வீடியோ ஒண்டையும் படங்களோட சேத்துப் போடாதேங்கோ. அதுக்கு வீட்டு வீடியோ எண்டு தனி லைப்ரரி வகை இருக்கு, அது நெட்டில ஒண்டும் தேடாது. நான் தெரியாம அக்காவின்ர கலியாணத்தைப் படங்களுக்குள்ள விட்டிட்டன், அது கலியாணம் எண்ட சொல்லை வைச்சு எந்தக் காலத்திலயோ வந்த ஒரு படத்தின்ர போஸ்டரைக் கொண்டு வந்து ஒட்டீட்டுது, அத்தான் இண்டைக்கும் அந்தக் கதாநாயகன்ர பேரைச் சொல்லித்தான் தன்னைக் கூப்பிடச் சொல்லுறார்.

இவ்வளவும் பேர் தெரிஞ்ச படங்களுக்கு. பேரே தெரியாத "பழைய படம் 17" க்கு என்ன செய்யிறது? இதுக்கு எந்த சொஃப்ட்வெயரும் இல்லை, எங்கட வீட்டில அப்பா இருக்கிறார். சாப்பிட்டிட்டு விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருப்பார், நான் போனில ஒரு நிமிசம் ஓட விடுவன், அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டிட்டு "இது ராஜாவில பாத்தது" எண்டுவார், "இல்லை மனோகராவில" எண்டு பிறகு மாத்துவார், படத்தின்ர பேர் மட்டும் வராது. எந்தத் தியேட்டர், ஆரோட போனது, சைக்கிளில ஆர் டபிள்ஸ், இடைவேளைக்கு என்ன வாங்கித் திண்டது, எல்லாம் வரும். டிஎம்டிபியில இதுக்கெல்லாம் தேடுற பெட்டி இல்லை.

தொண்ணூறுகளில பாத்த படங்கள் எண்டா இன்னும் மோசம். அப்ப யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்குக் காசு சேத்து, ஒழுங்கைச் சனம் முழுக்க முத்தத்தில பாயைப் போட்டு விடிய விடிய மூண்டு படம் பாக்கிறது. ரெண்டாவது படத்தின்ர நடுவில நித்திரையாகி மூண்டாவதின்ர நடுவில எழும்பின ஆள் அப்பா. அவர் சொல்லுற கதையில அண்ணன் ஒரு படத்தில சாவான், தங்கச்சி இன்னொரு படத்தில அழுவாள். நான் பார்ட்1 பார்ட்2 எண்டு ஒட்டின அதே பிழைதான், அவர் முப்பது வருசத்துக்கு முதலே செய்து வைச்சிருக்கிறார்.

அதால நான் வேற வழி பிடிச்சன், இது உங்களுக்கும் உதவும். இந்தியப் படமெண்டா தொடக்கத்தில தணிக்கைச் சான்றிதழ் காட்டுவினம், ஒரு ரெண்டு செக்கன்தான் நிக்கும், நிப்பாட்டிப் பாத்தா படத்தின்ர பேர், மொழி, எத்தினை ரீல், எத்தினை மீற்றர், என்ன திகதி எல்லாம் கிடக்கும். விசிடியில மங்கலாத்தான் தெரியும், அதின்ர படம் வெறும் 352க்கு 288 தானே, ஆனா ஆண்டு பிடிக்கலாம். ஒண்டு மட்டும் கவனம், மார்கழியில சான்றிதழ் எடுத்துப் பொங்கலுக்கு விட்ட படமெண்டா ஆண்டு ஒண்டு தள்ளி நிக்கும். சான்றிதழ் வெட்டுப்பட்டுப் போயிருந்தா பேரோட்டத்தில இசையமைப்பாளர், இயக்குநர் பேரை எடுத்து அவையின்ர படப் பட்டியலைத் திறந்து ஓடுற நேரத்தை ஒப்பிட்டுப் பாப்பன். ரெண்டு மொழியில எடுத்த படங்களுக்கும் ஓடுற நேரம் உதவும். ராவணனும் ஹிந்தி ராவணும் ஒரே ஆண்டு, 2010, ஒரே இயக்குநர், நாயகனா நடிச்சவர் வேற, டிஎம்டிபியில ரெண்டு தனிப் பக்கம். ஆய்த எழுத்தும் ஹிந்தி யுவாவும் அப்பிடித்தான், 2004. ஆனா வெறும் டப்பிங் எண்டா தனிப் பக்கம் தேடாதேங்கோ, மூலப் படத்தின்ர பக்கத்தோடதான் சேரும். டப்பிங் ஃபைலுக்குள்ள நாலு மொழி ஒலி இருந்து ஒண்டுக்கும் பேர் இல்லாட்டி எம்கேவிடூல்நிக்ஸ் எண்ட இலவச சொஃப்ட்வெயரில திறந்து தமிழ் ஒலிக்குத் தமிழ் எண்டு குறிச்சு விட்டாப் போதும், படத்தைத் திரும்ப மாத்தி எடுக்கத் தேவையில்லை.

எங்கட நாட்டுத் தமிழ்ப் படங்கள் மூண்டு கிடக்கு. குத்துவிளக்கு, 1972. பொன்மணி, 1977, தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில வந்து நிண்டு எடுத்தது, சிங்களவர் ஒருத்தர் எங்கட வீடுகளுக்குள்ள கமராவைக் கொண்டு வந்து இப்பிடிப் பாத்திருக்கிறாரே எண்டு எனக்கு இப்பவும் ஆச்சரியம். வாடைக்காற்று, 1978, செங்கை ஆழியான்ர நாவல். இதுகளுக்கு நான் நெட்டை நம்பிக்கொண்டு நிக்கேல்லை. எடிட் மெட்டாடேட்டாவைத் திறந்து பேர், ஆண்டு, இயக்குநர், ஆர் ஆர் நடிச்சது எல்லாத்தையும் தமிழில நானே அடிச்சன், படத்துக்குள்ள இருந்து ஒரு காட்சியை நிப்பாட்டி எடுத்து போஸ்டராப் போட்டன், கடைசியில இருக்கிற பூட்டைப் பூட்டி விட்டன். பூட்டாட்டி அடுத்த முறை எல்லாத்தையும் புதுப்பிக்கச் சொல்லேக்க உங்கட எழுத்துக்கு மேலால வேற ஏதும் வந்து குந்தக்கூடும். டிஎம்டிபியில ஆரும் கணக்குத் திறந்து விவரம் சேர்க்கலாம், நான் சில பழைய படங்களுக்குத் தமிழில கதைச்சுருக்கம் எழுதிப் போட்டிருக்கிறன், அப்பா சொல்லச் சொல்ல எழுதினது, முடிவைச் சொல்லாமல் நிப்பாட்ட வைக்கிறதுக்குள்ள போதும் போதும் எண்டு போச்சு.

மொழியைத் தமிழ் எண்டு வைச்சா பேரெல்லாம் தமிழில வரும், பாக்க வடிவா இருக்கும், அம்மம்மாவுக்கும் வாசிக்க ஏலும். இதில ரெண்டு விசயம் தெரிஞ்சிருக்கோணும். ஒண்டு, ஓரத்தில நிக்கிற எழுத்து வரிசையில இங்கிலிஷ் எழுத்துத்தான் கிடக்கு, "ப" வை அமத்திப் பராசக்திக்குப் போறதெல்லாம் நடக்காது. மற்றது வரிசை. யூனிகோடில "ன" நிக்கிறது "ந" வுக்குப் பக்கத்தில, "ற" நிக்கிறது "ர" வுக்குப் பக்கத்தில, "ஜ" வந்து "ச" வுக்குப் பின்னால, மெய்யெழுத்து எல்லாம் உயிர்மெய்க்குப் பின்னால. அந்த எண் ஒழுங்கில அடுக்கினா நாங்கள் அகராதியில படிச்ச வரிசை வராது. ரீச்சரா இருந்து ஓய்வெடுத்த பெரியம்மா இதைப் பாத்திட்டு "உதை அடுக்கினவன் ஆரடா" எண்டு கேட்டவ. வரிசைப் பேர் எண்டு ஒரு தனிக் கட்டம் இருக்கு, அதுக்குள்ள நான் இங்கிலிஷில எழுதி விட்டிட்டன், இப்ப ஓரத்து எழுத்தும் வேலை செய்யுது, மேல தெரியிறது தமிழ்.

செய்யிறதெண்டா முதல் நாளே இதைச் செய்யுங்கோ: லைப்ரரி உண்டாக்கேக்க விவரத்தை என்எஃப்ஓ ஃபைலா எழுதிற தெரிவையும், போஸ்டரைப் பட ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிற தெரிவையும் போட்டு விடுங்கோ. அப்ப நீங்கள் மினக்கெட்டுச் செய்த அத்தனையும் அந்த டிஸ்கிலேயே படத்துக்குப் பக்கத்தில கிடக்கும். லாப்டொப் செத்தாலும், கோடிக்கு மாறினாலும், டிஸ்கை மச்சானிட்டக் குடுத்தாலும் கூடவே போகும். நான் இதைப் போடாம நூத்தம்பது படத்தைக் கையால சரி பண்ணினாப் பிறகுதான் போட்டனான், பிறகு திரும்ப ஒருக்கா எல்லாத்தையும் எழுத வைச்சது. ஜெல்லிஃபின் 10.11 பதிப்புக்கு ஏறுறதெண்டா அதுக்கு முதல் டேட்டா ஃபோல்டரைக் கொப்பி எடுத்து வையுங்கோ, அதில உள் தரவுத்தளத்தையே மாத்திக் கட்டியிருக்கினம், ஏறினாப் பிறகு பழையதுக்கு இறங்கேலாது.

ரொறன்ரோ மச்சானுக்கு இஞ்ச இருந்து படம் காட்டேலுமோ எண்டா ஏலும், ஆனா பிளெக்ஸ் மாதிரி ஒரு பொத்தானில வராது, சொந்தமா பொது ஐபி (வெளியில இருந்து வீட்டு இணைப்பைப் பிடிக்கிற விலாசம்) இல்லாத இணைப்பெண்டா டெயில்ஸ்கேல் மாதிரி ரெண்டு இடத்தையும் நெட்டுக்குள்ளால தனியா இணைக்கிற சொஃப்ட்வெயர் ஒண்டு ரெண்டு பக்கமும் போடோணும். போட்டுக் குடுத்தன். அவர் பாக்கிற நேரம் எங்களுக்கு விடியக்காலமை, அப்லோட் வேகம் எல்லாம் அவருக்குத்தான்.

நாலு மாதம் ஆகுது. அறுநூறில இருபத்திமூண்டு மட்டும் "ஆரெண்டு தெரியாது" எண்ட ஃபோல்டரில மிச்சம். அதில ஒண்டில தணிக்கைச் சான்றிதழும் இல்லை, பேரோட்டமும் இல்லை, நேரா ஒரு மழைக் காட்சியில தொடங்குது. அப்பா வின்சர் தியேட்டரில பாத்தது எண்டுறார். அம்மம்மா தான் பாக்கவே இல்லை எண்டுறா. பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வாறா, அவவுக்குப் பாட்டின்ர முதல் வரி கேட்டாப் போதும், அதுவரைக்கும் அது "பழைய படம் 17" தான்.